கதவைத் திறந்தார்களா?

புயெனவெந்துரா
10 மே 1992

அர்னோபியா அக்கா,

இங்க ரெண்டு பேரும் மூச்சு விட்டுக்கிட்டுதான் இருக்கோம். நான் சத்தமில்லாம, அம்மா சத்தமா. நீ அந்தப் பொகோட்டாக் குளிர்ல விறைச்சுப் போகாம இருக்கியா?

முதல்ல கெட்ட சேதி. பள்ளிக்கூடத்த விட்டுட்டேன். திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சிட்டு மிச்சத்த வாசி. கணக்கு வாத்தியார் எல்லாரு முன்னாடியும், "நுரி, உனக்கு எதுலயாவது கவனம் நிக்குமா?"ன்னு கேட்டாரு. "எட்டு மணி டிவி நாடகத்துல நிக்கும் சார்"னேன். வெளிய போன்னாரு. போனேன். திரும்பிப் போகல. இப்ப காலையில படகுத்துறையில மீன் கூடை தூக்குறேன்.

அந்த நாடகத்த, 'கழிமுகத்து ஆவி'ய, நீயும் பாக்குறியா? அமராந்தோ படகு கவுந்து கடல்ல போயிட்டான், உடம்பு கெடைக்கல. ஆனா ராத்திரியானா வீட்டுக்குள்ள ஈரக் காலடி. நேத்து அவன் அம்மா அந்தக் காலடியத் துடைக்காம, அழிஞ்சிடுமோன்னு சுத்திச் சுத்தி நடக்குறா. தெருவே தேம்பித் தேம்பி அழுதுச்சு. பாஸ்தோரா சித்தி வீட்லதான் பாக்குறோம். எழவு வீட்ல ஒப்பாரி பாடிச் சேத்த காசுல கலர் டிவி வாங்கியிருக்கா. "செத்தவங்க வாங்கிக் குடுத்த பெட்டி, ஆவி நாடகம் தெளிவாத்தான் தெரியும்"னு தெருவுல ஒரே கிண்டல். ஆனா பாதி நாள் கரண்டு இல்ல. அணையில தண்ணி இல்லையாம். இங்க கழுத்து மட்டும் தண்ணி!

அம்மா இன்னும் வாசல்லதான் படுக்குறாங்க. கதவச் சாத்த விடமாட்டேங்குறாங்க. எவேலியோ அண்ணன் கப்பல்ல ஒளிஞ்சு வடக்க போயி ரெண்டு வருஷம் ஆச்சு, ஒரு வரி இல்ல. ஆனா ராத்திரியில வந்தா தட்டிக்கிட்டு நிக்கக் கூடாதாம். கட்டைக்கால் வீட்டுக்குக் கீழ அலை, வாசல்ல கடல் காத்து, நடுவுல அம்மா. சுகாதார நிலையத்து டாக்டர் முதுகுல காது வச்சுக் கேட்டுட்டு, நெஞ்சுல நீர் கோத்திருக்குன்னாரு. இப்படியே காத்துல கெடந்தா அடுத்த மழை தாங்காதுன்னாரு.

வாசப்படியில ரெண்டாவது பலகை ஒடஞ்சது ஒடஞ்சபடியே கெடக்கு. அண்ணன் சரி பண்றேன்னு சொன்னானாம். வேற யாரும் தொடக் கூடாதாம். அவன மாதிரியே தாண்டிக் குதிச்சு என் முட்டி போச்சு.

பாஸ்தோரா சித்தி நேத்து அம்மா முகத்துக்கு நேராவே சொல்லிட்டா: "செனெய்தா, பையனுக்கு ஒன்பது இரவு எழவுச் சடங்கு செஞ்சு அனுப்பிட்டுக் கதவச் சாத்து. நீ வாசல்ல படுத்துக் கெடந்தா உள்ள வர்றவனுக்கும் வழியில்ல, வெளிய போறவனுக்கும் வழியில்ல." அம்மா அவ குடுத்த காப்பிய அப்படியே அலையில ஊத்திட்டாங்க.

நீ என்ன சொல்ற?

கூடை தூக்கி,
நுரி


பொகோட்டா
29 மே 1992

அன்புள்ள நுரிக்கு,

கார்மென் மாதா உங்கள் இருவரையும் தன் மேலங்கிக்குள் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு உடம்பு தேவலை. கைதான் குளிரில் வெடிக்கிறது.

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன்: கழுதை. முடிந்தது.

நானும் அந்த நாடகத்தை ஒரு நாள் விடாமல் பார்க்கிறேன். வீட்டுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். நான் சமையலறை வாசலில் நின்று, ஒரே தட்டை நாடகம் முடியும்வரை துடைப்பேன். அந்தக் காலடியை அவள் சுற்றி நடந்தபோது வீட்டுக்கார அம்மாள், "உங்க ஊர்ல நெஜமாவே இப்படித்தானா, அர்னோபியா?" என்று சிரித்தார். "எங்க ஊர்ல எல்லா வீடும் ஈரம்தான்மா" என்றேன்.

பாஸ்தோரா சித்தியிடம் சொல்: உயிரோடு இருப்பவனுக்கு யாராவது ஒன்பது இரவு செய்வார்களா? அப்படிச் செய்தால் அவன் எங்கே நடந்துகொண்டிருந்தாலும் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவான். அது அவளுக்குத் தெரியாதா? எவேலியோ இருக்கிறான். ஏதோ ஒரு துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். எழுதச் சோம்பேறி, அவ்வளவுதான். அவன் திரும்பி வரும்போது இந்த ஊர் வழியாகத்தான் வருவான் என்று ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அவனுக்குப் பிடித்த நிறம், பச்சை.

நான் இருக்கும்வரை அந்த வீட்டில் ஒன்பது இரவு கூடாது. அம்மாவுக்குக் கதகதப்பாகப் போர்த்தி விடு.

உன் அக்கா,
அர்னோபியா


புயெனவெந்துரா
12 ஜூலை 1992

அக்கா,

நல்லா இருக்கியான்னு கேக்குறேன், பதில நீயே சொல்லிக்க. எனக்குப் பொறுமை இல்ல. நாடகம் முடிஞ்சுபோச்சு. முடிஞ்சுதா இல்லையான்னே தெரியல. அதுக்குத்தான் எழுதுறேன்.

கடைசி நாள், அம்மாவே எழுந்து வந்தாங்க. ரெண்டு வருஷத்துல முதல் தடவயா சாயங்காலத்துக்கு அப்புறம் வாசல விட்டு நகந்தாங்க. "அந்தப் பொம்பள என்ன செய்யப் போறான்னு பாக்கணும்"னாங்க. பாஸ்தோரா சித்தி அவளோட நாற்காலியவே குடுத்துட்டா.

அமராந்தோ அம்மா கடைசியில ஒன்பது இரவுக்குச் சம்மதிச்சுட்டா. வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்தி, ஆவி குடிக்கத் தண்ணி, மேல கறுப்புத் துணியில வண்ணத்துப்பூச்சி, எல்லாம் நம்ம ஊரு மாதிரியே வச்சிருந்தாங்க. பாட்டுக்காரியா வந்தவளத்தான் பாஸ்தோரா சித்திக்குப் பிடிக்கல. "இந்தச் சிறுக்கிக்கு லிப்ஸ்டிக் போடத் தெரியுது, அழத் தெரியல"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தா. ஒன்பதாம் இரவு, விடியப்போகுது. ஒவ்வொரு மெழுகா அணைக்குறாங்க. கடைசி மெழுகு. ஊதுறா. இருட்டு.

நம்ம முறை உனக்குத் தெரியும்ல? கடைசி மெழுகு அணைஞ்சதும் இருட்டுல எல்லாரும் ரெண்டு வரிசையா வழி விட்டு நிக்கணும், யாரும் பேசக் கூடாது. நாங்க யாரும் பேசல. ஆம்பளைங்க தொப்பியக் கழட்டிட்டாங்க. பாஸ்தோரா சித்தி இருட்டுலயே வழியனுப்புற பாட்ட ஆரம்பிச்சா. தெருவே கூடப் பாடுச்சு. அமராந்தோவுக்காக, முழுப் பாட்டும். பாட்டு முடிஞ்சும் இருட்டு. அப்பத்தான் நம்ம தெரு சோப்புக்காரன் சொன்னான்: "ஏங்க... ஃபேனும் நின்னுருக்கே?"

கரண்டு போயிருக்கு அக்கா! நாடகத்துல இல்ல, ஊர்ல!

அப்புறம் பாக்கணுமே கூத்த. "அடேய், எங்க பாட்டத் திருப்பிக் குடுங்கடா!"ன்னு பாஸ்தோரா சித்தி கம்பத்தப் பாத்துக் கத்துறா. சிரிப்பும் அழுகையும். கரண்டு வந்தப்ப டிவியில செய்தி ஓடிக்கிட்டிருக்கு.

அம்மா சிரிக்கல. வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டாங்க: "கதவத் திறந்தாங்களா?" தெரியலம்மான்னேன். கொஞ்ச தூரம் போயி, "அர்னோபியாவுக்கு எழுது. அவ பாத்திருப்பா, அவ பொய் சொல்லமாட்டா"ன்னாங்க. ஒடஞ்ச படிக்கிட்ட நின்னு மூச்சு வாங்கிட்டு இன்னொண்ணும் சொன்னாங்க: "அந்த வீட்ல என்ன செஞ்சாங்களோ, அதத்தான் நானும் செய்வேன்."

கேட்டுக்கிட்டியா? என்ன நடந்துச்சுன்னு எழுது. உடனே எழுது.

நுரி


பொகோட்டா
2 ஆகஸ்ட் 1992

அன்புள்ள நுரி,

உன் கடிதம் கிடைத்தது. மாதா காப்பாற்றட்டும். நான் சுகம்.

இங்கே வீட்டுக்கார அம்மாளின் தங்கை வந்திருக்கிறார். ஒரே சமையல், ஒரே துணி. உட்கார நேரமில்லை. அம்மாவுக்கு இஞ்சியும் கரும்பு வெல்லமும் கொதிக்க வைத்துக் கொடு. நெஞ்சுக்குக் களிம்பு அனுப்பியிருக்கிறேன்.

நாடகத்தைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். அன்றைக்கு விருந்தாளிகள். முழுதாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

அம்மாவின் இருமல் எப்படி இருக்கிறது, சரியாக எழுது.

அர்னோபியா


புயெனவெந்துரா
16 ஆகஸ்ட் 1992

அக்கா,

களிம்பு வந்துச்சு. அம்மா தடவிக்கிட்டாங்க. தெருவுக்கே மூக்கு திறந்துருச்சு.

யாருகிட்ட கதை விடுற? ஒரு நாள் விடாம பாப்பேன்னு எழுதுனவ நீ. தட்டத் துடைச்சுக்கிட்டு நின்னவளுக்கு அந்த ஒரு நாள் மட்டும் விருந்தாளியா?

இங்க ஆளுக்கொரு முடிவு வச்சிருக்கான். அமராந்தோ உயிரோட வந்துட்டான்ங்குறான் லாரி டிரைவர். சோப்புக்காரன், ஆவி அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சுங்குறான். பாதிரியார்கிட்டப் போனேன். "நான் அந்த மூடநம்பிக்கையெல்லாம் பாக்குறதில்ல"ன்னாரு. "ஆனா அமராந்தோ நல்ல பையன்"னு அவரா சொல்லிட்டு முழிச்சாரு. யாரு சொல்றதையும் அம்மா காதுல வாங்கல. "நாய் குலைக்கிற மாதிரி ஆளுக்கொண்ணு சொல்லுவான். என் மக எழுதட்டும்"ங்குறாங்க.

போன் ஆபீஸுக்கு வான்னு கூப்டேன். மாட்டாங்களாம். நீ உன் கைப்பட எழுதி, நான் வாசிக்கணுமாம். நான் ஒரு எழுத்து மாத்தாம வாசிப்பேன், அத நெனப்புல வச்சுக்க.

இருமல் எப்படின்னு கேட்ட. ராத்திரி இருமி முடிச்சதும் ஒரு சத்தம் வரும், ஓட்டைப் படகுல தண்ணி எறைக்கிற மாதிரி. அப்பவும் கை கதவ விடாது, காத்துல சாத்திக்குமோன்னு பிடிச்சுக்கிட்டே தூங்குறாங்க.

இப்படி எழுது, அப்படி எழுதுன்னு நான் சொல்லல. எழுதுறதுக்கு முன்னாடி அந்தச் சத்தத்த ஒரு தடவ மனசுக்குள்ள கேட்டுக்க. அவ்வளவுதான்.

நுரி


புயெனவெந்துரா
8 செப்டம்பர் 1992

அக்கா,

நலம் விசாரிக்கவெல்லாம் இப்ப தெம்பு இல்ல.

மழை ஆரம்பிச்சிருச்சு. நேத்து அம்மா துப்புனதுல செவப்பு இருந்துச்சு. என்கிட்ட மறைக்க அலையில துப்புனாங்க. நான் பாத்துட்டேன். தூக்கிக்கிட்டுப் போயி உள்ள படுக்க வச்சேன். கண்ணு அசந்த நேரத்துல தவழ்ந்தே வாசலுக்குப் போயிட்டாங்க.

இன்னைக்கும் கேட்டாங்க: "அர்னோபியா எழுதிட்டாளா?"

என்ன சொல்லட்டும்?

நுரி


பொகோட்டா
20 செப்டம்பர் 1992

அன்புள்ள நுரி, இதை அம்மாவுக்கு உரக்க வாசி.

அம்மா, உங்கள் மகள் கும்பிட்டு எழுதுகிறேன். கார்மென் மாதா உங்கள் நெஞ்சுக்குள் சூடாக இருக்கட்டும். நீங்கள் கேட்டது எனக்குக் கிடைத்தது. தாமதத்துக்கு மன்னியுங்கள்.

நான் பார்த்தேன். சமையலறை வாசலில் நின்று கடைசிவரை பார்த்தேன்.

கடைசி மெழுகு அணைந்ததும் கொஞ்ச நேரம் இருட்டுதான். பிறகு அமராந்தோவின் அம்மா எழுந்து தானே போய்க் கதவைத் திறந்தாள். வேறு யாரையும் திறக்க விடவில்லை. திறந்துவிட்டு வாசலில் நிற்கவில்லை அம்மா, சுவரோரமாக ஒதுங்கி நின்றாள். விரிப்பின் அடியிலிருந்து ஈரக் காலடிகள் புறப்பட்டன. இரண்டு வரிசைக்கும் நடுவே நடந்தன. அவள் பக்கத்தில் வந்ததும் நின்றன. அவள் கையை நீட்டவில்லை. பெயரைச் சொல்லி, "போய் வா" என்று மட்டும் சொன்னாள். காலடிகள் வாசலைத் தாண்டின. முதல் படியில் ஒன்று. இரண்டாவது பலகை உடைந்திருந்தது, அதைத் தாண்டி மூன்றாவதில் ஒன்று. பிறகு தண்ணீர்.

அவள் கதவைச் சாத்தினாள். அதோடு நாடகம் முடிந்தது.

வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அம்மா, நான் முன்பு எழுதியதை மறந்துவிடுங்கள். அந்த வீட்டில் செய்ததை நீங்களும் செய்யலாம். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், இங்கே விடுப்பு தரமாட்டார்கள்.

உங்கள் மகள்,
அர்னோபியா


புயெனவெந்துரா
25 அக்டோபர் 1992

அக்கா,

நாங்க நல்லா இருக்கோம். சும்மா எழுதல, நெஜமாவே.

உன் கடிதத்த ஒரு எழுத்து மாத்தாம வாசிச்சேன். அம்மா கண்ண மூடிக்கிட்டுக் கேட்டாங்க. முடிஞ்சதும் "இன்னொரு தடவ"ன்னாங்க. அந்த ஒடஞ்ச படி வந்த எடத்துல கையக் காட்டி நிறுத்துனாங்க. அப்புறம், "பாஸ்தோராவக் கூப்டு"ன்னாங்க.

சித்தி வந்ததும் அம்மா கேட்டாங்க: "உடம்பு இல்லாம செய்யலாமா?"

"போறது உடம்பு இல்லடி"ன்னா சித்தி. "காப்பி வை. இந்தத் தடவ ஊத்திடாத."

ஒன்பது இரவும் தெரு தூங்கல. டாமினோ, காப்பி, கரும்புச் சாராயம், தேங்காய்ச் சோறு. அண்ணன் பண்ணுன அக்கிரமத்தையெல்லாம் ஆளாளுக்குச் சொல்லிச் சிரிச்சாங்க. பாதிரியார் வீட்டுக் கோழியத் திருடி அவருக்கே வித்தான்ல, அத ரெண்டு தடவ சொன்னாங்க. பாதிரியாரும் கேட்டாரு. அப்பத்தான் அவருக்கே அது தெரியும்! விரிப்பு, அண்ணன் படுத்த விரிப்புதான், நீலக் கரை போட்டது. வண்ணத்துப்பூச்சிய நான் தைச்சேன். "இது வண்ணத்துப்பூச்சியா, வௌவாலா?"ன்னா சித்தி. "அண்ணனுக்கு ரெண்டும் ஒண்ணுதான்"னேன். அம்மா சிரிச்சாங்க அக்கா. இருமல் இல்லாத சிரிப்பு.

கடைசி விடியல்ல மழை விட்டிருச்சு. அலை மேல வந்து பலகையத் தொட்டுக்கிட்டு இருந்துச்சு. பாஸ்தோரா சித்தி பாடுனா. டிவிக்காரி மாதிரி இல்ல. அவ பாடுறப்ப முகம் கோணலாயிடும், அசிங்கமா இருக்கும், ஆனா கேக்குறவன் எலும்பு ஆடும். ஒவ்வொரு மெழுகா அணைச்சோம். ரெண்டு வரிசையா நின்னோம். கதவு திறந்துதான இருந்துச்சு? அம்மா என்ன செஞ்சாங்க தெரியுமா, போயி அதச் சாத்துனாங்க. சாத்திட்டு மறுபடி திறந்தாங்க. "அவனுக்காகத் திறக்கணும்"னாங்க. திறந்துட்டு, வாசல்ல நிக்காம சுவரோரமா ஒதுங்கிக்கிட்டாங்க.

நான் ஈரக் காலடி எதையும் பாக்கல. பாத்தேன்னு சோப்புக்காரன் சத்தியம் பண்றான், அவன் குடிச்சிருந்தான். ஆனா அம்மா ஒரு எடத்துல ஆள் போறதுக்குத் தலையத் திருப்புற மாதிரி திருப்புனாங்க. "எவேலியோ, போயிட்டு வாப்பா. படி பாத்துப் போ"ன்னாங்க.

அப்புறம் கதவச் சாத்தப் போனா, கீல் துருப்பிடிச்சு நகரல. முதல்ல எப்படியோ சாத்துனது, ரெண்டாந்தடவ மாட்டேங்குது. நானும் சித்தியும் தோள் குடுத்துத் தள்ளுனோம். கிரீச்சுன்னு ஒரு சத்தம். அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள அவ்வளவு அமைதி. அலை எங்கயோ தூரத்துல கேக்குற மாதிரி இருந்துச்சு.

அம்மா உள்ள கட்டில்ல படுத்து மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்குனாங்க. டாக்டர் மறுபடியும் முதுகுல காது வச்சாரு. "என்ன மருந்து குடுத்தீங்க?"ன்னாரு. கதவுன்னேன். புரியல அவருக்கு.

நீ இல்லாத குறைதான்.

நுரி


பொகோட்டா
15 நவம்பர் 1992

அன்புள்ள நுரி,

மாதாவுக்கு நன்றி. உன் கடிதத்தைக் கழிவறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வாசித்தேன். "உடம்பு சரியில்லையா?" என்று வீட்டுக்கார அம்மாள் கதவைத் தட்டும்வரை வாசித்தேன்.

அந்தப் பச்சைக் கம்பளிச் சட்டையைக் கட்டடக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டேன். விடியற்காலையில் அவர் வெளியே நிற்பார். அளவு சரியாக இருந்தது.

ஒரு விஷயம். கரண்டுக் கஷ்டத்தில் பல ஊர்க்காரர்கள் முடிவைப் பார்க்கவில்லை என்று, ஜனவரியில் கடைசி வாரத்தை மறுபடி போடப்போகிறார்களாம். அந்த நாட்களில் அம்மாவைப் பாஸ்தோரா சித்தி வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டாம். பனி நேரம், நெஞ்சுக்கு ஆகாது. நீயும் போக வேண்டாம். நீ கேட்பாய் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் கன்னத்தில் என் முத்தம்.

அர்னோபியா


புயெனவெந்துரா
31 ஜனவரி 1993

அக்கா,

இங்க எல்லாரும் சுகம். நம்ம ஊர்ல என்னிக்கு அக்கா பனி பெஞ்சுச்சு? நீ எழுதாதேன்னா எழுதுவேன், போகாதேன்னா போவேன். இதுகூடத் தெரியாம எனக்கு அக்காவா இருக்க.

போனேன். பாத்தேன். கரண்டு போகல.

இருட்டுக்கு அப்புறம் கதவத் திறக்குறா, அது சரி. ஆனா யாரும் வெளிய போகல. வெளிய நிக்குறான் அமராந்தோ. தாடி, கிழிஞ்ச சட்டை, உயிரோட. ஏதோ தீவுல கெடந்தானாம். அவன் அம்மா ஓடிப் போயி கட்டிக்கிறா, பாட்டு, சூரியன், முடிஞ்சுபோச்சு. தெருவே எழுந்து குதிச்சுச்சு. சோப்புக்காரன் சாராயப் பாட்டிலத் தூக்கிக்கிட்டு ஆடுறான். எனக்கு மட்டும் குதிக்க முடியல. ஏன்னா திரும்பிப் பாத்தா, கடைசி வரிசையில, சால்வையப் போத்திக்கிட்டு அம்மா நிக்குறாங்க. எப்ப வந்தாங்கன்னு தெரியல.

பாஸ்தோரா சித்தி அவங்களப் பாத்தா. பாஞ்சு போயி டிவிய அணைக்கப் போனா. அம்மா, "விடுடி, பிள்ளைங்க பாக்கட்டும்"னாங்க. அப்புறம் திரைய நல்லாப் பாத்துட்டு, "வந்துட்டான். நல்லா இருக்கட்டும்"னாங்க. யாரோ தெருக்காரன் வீட்டுப் பிள்ளையச் சொல்ற மாதிரி.

நடந்து வரும்போது என் வாய் நிக்கல. "அம்மா, அக்கா அப்படி எழுதலன்னா நீங்க..."

"அர்னோபியா டிவியில பாத்தத எழுதல. அது எனக்கு அன்னைக்கே தெரியும்"னாங்க.

"எப்படிம்மா?"

"எந்த டிவிக்காரன்டி ஒடஞ்ச படி வச்சு வீடு கட்டுவான்? அது நம்ம படி. அதத் தாண்டிக் குதிக்கிறவன் எம்பிள்ளை." கொஞ்சம் மூச்சு வாங்குனாங்க. "நீ வாசிச்ச அன்னைக்கு அவன் குதிச்சுப் போறத நான் பாத்தேன். அவளும் பாத்துத்தான் எழுதியிருக்கா. அவன் போயிட்டான்னு எழுத, அவ கை எவ்வளவு வலிச்சிருக்கும்? அவதான அவன் இருக்கான் இருக்கான்னு சொல்லிக்கிட்டிருந்தா."

நான் அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து படிக்கிட்ட நின்னாங்க. "தெரு ஜனங்ககிட்ட எதுவும் சொல்லாத. அவங்களுக்கு அமராந்தோ இருக்கட்டும்"னாங்க. உள்ள போயி அவங்களே கதவச் சாத்துனாங்க. இப்ப கீல்ல எண்ணெய் விட்டிருக்கேன், சத்தமே வரல.

மறுநாள் காலையில நான் கூடை தூக்கிட்டு வந்தப்ப, வாசல்ல சுத்தியலும் ஆணியும் ஒரு புதுப் பலகையும் கெடந்துச்சு. துறையில மரக்காரன்கிட்ட அம்மாவே போயி வாங்கிட்டு வந்திருக்காங்க. உக்காந்து மீன் கழுவிக்கிட்டு இருந்தாங்க.

அடிச்சிட்டேன். கொஞ்சம் கோணல்தான், ஆனா தாங்கும்.

நீ ஊருக்கு வரும்போது பழைய நெனப்புல தாண்டிக் குதிக்காத. மிதிச்சு ஏறி வா.

உன் தங்கச்சி,
நுரி